கிருஷ்ணகிரியில் இருந்து மல் தீவுக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது. "ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா" என்று கூப்பிடுகிறார்கள். போகிறோம். லண்டன் மணிக்கூண்டு முன்னால் நின்று ஒரு படம், அரண்மனை வாசலில் ஒரு படம், மிச்ச நாளெல்லாம் பிள்ளை வீட்டு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. எங்கள் மகன் கிளாஸ்கோவில் இருப்பதால் எங்களுக்கு வேறொன்று வாய்த்தது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் மல் தீவு. இரண்டு முறை போய்வந்துவிட்டோம். முதல் முறை செய்த தப்புகளை இரண்டாம் முறை திருத்திக்கொண்டோம். நீங்கள் நேராக இரண்டாம் முறையில் இருந்தே தொடங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஹெப்ரிடீஸ் தீவுகளில் கரைக்குப் பக்கமாக இருக்கும் கூட்டத்தில், ஸ்கை தீவுக்கு அடுத்தபடி பெரியது மல். சுமார் 875 சதுர கி.மீ. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஜனத்தொகை சுமார் 3,000 பேர்தான். நம் பக்கத்தில் ஒரு கிராமத்திலேயே அவ்வளவு பேர் இருப்பார்கள். ஆளைவிட ஆடு அதிகம். நடுவில் பென் மோர் என்ற மலை, 966 மீட்டர். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை 'மன்றோ' என்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நம் பாராமகாலில் (கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக்குப் பழைய பெயர்) நிலம் அளந்து வரி போட்ட தாமஸ் மன்றோ ஞாபகம்தான் வந்தது. அவரும் கிளாஸ்கோக்காரர்தான், ஆனால் இவர் வேறு. மலைகளுக்குப் பட்டியல் போட்டவர் ஹியூ மன்றோ, 1891-இல். மகன் திருத்தினான்.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியில் இருந்து ஜூன் நடு வரை. பிள்ளைகளுக்கும் முழுப் பரீட்சை முடிந்திருக்கும். இங்கே கிருஷ்ணகிரி பாறையெல்லாம் கொதிக்கும் நேரம் அங்கே 12, 15 டிகிரி. பஃபின் என்கிற வண்ண மூக்குக் கடல்பறவை ஏப்ரல் நடுவில் கரைக்கு வந்து, ஆகஸ்ட் தொடக்கத்தில் கடலுக்கே திரும்பிவிடும். கோட்டைகளும் குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பது கூடுதல் லாபம். எங்கள் வீட்டம்மாவுக்குத்தான் "விளக்கு வைக்கிற நேரமே வரலையே" என்று குழப்பம்.

ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் அதிகம், மிட்ஜ் என்கிற பூச்சியும் அதிகம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு கொசு. ஒன்று இரண்டாக வராது, மேகமாக வரும். காற்றில்லாத, ஈரமான காலையிலும் மாலையிலும் முகத்தை மொய்த்துவிடும். தலையோடு மாட்டிக்கொள்ளும் வலை, தீவுக்குக் கப்பல் ஏறும் ஓபன் நகரத்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. பூசிக்கொள்ளும் மருந்தும் உண்டு. வெட்கப்படாமல் வலையை மாட்டுங்கள். அங்கே உள்ளூர்க்காரர்களே மாட்டுகிறார்கள்.

விசா: பெங்களூரே பக்கம்

வேண்டியது சாதாரண விசிட்டர் விசா, ஆறு மாதம் வரைக்கும். இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, கைரேகை வைக்க ஒரு நாள் நேரில் போகவேண்டும். சென்னையிலும் மையம் இருக்கிறது, ஆனால் கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூர்தான் புத்திசாலித்தனம். காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் வீடு திரும்பலாம். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். கோடையில் இன்னும் கொஞ்சம் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஒரு விஷயத்தில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சொத்து இருக்கிறது, திரும்பி வந்துவிடுவோம் என்று காட்ட பட்டா, சிட்டா எல்லாம் இணைக்கிறோம். அவை தமிழில் இருக்கும். முறையாக மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் கையெழுத்தும் தேதியும் விலாசமும் சேர்த்து வைத்தால்தான் செல்லும். பிள்ளையின் அழைப்புக் கடிதம், அவர்களுடைய சம்பளச் சீட்டு, உங்கள் வங்கிக் கணக்கு விவரம் இவை போதுமானபடி தெளிவாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது. வங்கிக் கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மாங்காய் குத்தகைப் பணம் என்றால் அப்படியே எழுதலாம், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

விமானம் பெங்களூரில் ஏறி, துபாய் வழியாகக் கிளாஸ்கோவிலேயே இறங்கலாம். லண்டன் போய் மாறவேண்டிய அவசியமில்லை. பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். ஓசூர் தாண்டி, சில்க் போர்டு நெரிசலையும் ஹெப்பாள் நெரிசலையும் மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பெட்டியில் எது போகும், எது போகாது

மாம்பழம் எடுத்துவைப்பதற்கு முன்னால் பிரிட்டன் அரசின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.  பயிர்நலச் சான்றிதழ் இல்லாமல் பல பழம், காய்களைப் பிரிட்டனுக்குள் கொண்டுபோக முடியாது. பால் சேர்ந்ததும் கூடாது: நெய், பால்கோவா, மைசூர்பாகு எல்லாம் விமான நிலையத்துக் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். இறைச்சியை நினைக்கவே வேண்டாம். மாங்காய் ஊறுகாய், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கேழ்வரகு மாவு எங்களுக்கு எந்தத் தொந்தரவும் தரவில்லை. தீவில் சமையலறையோடு வீடு எடுத்தால் ஒரு வேளை களி கிண்டிவிடலாம். மழை பெய்துகொண்டிருக்கும்போது சூடான களிக்கு இணையாக அந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்பது என் முடிவு. நெய் அங்கேயே கடையில் வாங்கிக்கொள்ளலாம், கிளாஸ்கோவில்.

துணிக்கு ஒரே விதி: தண்ணீர் புகாத மேல்சட்டை. குடை எடுத்துப் போகாதீர்கள். முதல் முறை நாங்கள் கொண்டுபோன குடை கப்பல் மேல்தளத்திலேயே மல்லாந்துவிட்டது. செருப்பு வேண்டாம், கணுக்காலை மூடும் பிடிமானமான ஷூ வேண்டும். ஸ்வெட்டர் ஒன்று மே மாதத்திலும் வேண்டும்.

கப்பல் டிக்கெட் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்வதானால் அது இந்தத் தலைப்புதான். தீவுக்குப் பாலம் கிடையாது. கால்மேக் என்ற நிறுவனத்தின் கப்பல்தான் வழி. முக்கியமான தடம் ஓபன் நகரத்தில் இருந்து தீவின் கிரெய்க்னியூர் துறைக்கு. முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஆள் மட்டும் போவதானால் சுலபம். காரோடு போவதானால் கோடை மாதங்களில் பல வாரங்கள் முன்பே பதிவு செய்யவேண்டும்.

நாங்கள் முதல் முறை வீட்டைப் பிடித்துவிட்டோம், அதற்குப் பணமும் கட்டியாகிவிட்டது. அப்புறம் கப்பலைப் பார்த்தால் காருக்கு இடமில்லை. கடைசியில் கிளென்கோ வழியாகச் சுற்றி, கோரன் என்ற இடத்தில் ஒரு சின்னப் படகில் காரை ஏற்றிக் கடந்து, மலைச்சாலையில் லாகலின் வரை போய், அங்கிருந்து ஃபிஷ்னிஷ் துறைக்கு வந்தோம். லாகலின் கப்பலுக்கு முன்பதிவு கிடையாது. வரிசையில் நின்றால் போதும், இருபது நிமிடத்துக்குள் அக்கரை. மாற்று வழியாக இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதி நாள் போய்விடும்.

ஆகவே வரிசை இதுதான்: கப்பலில் இடம், அதற்கேற்ற தேதியில் தங்கும் வீடு, அதற்கேற்ற கார். கார் இல்லாமலும் போகலாம். கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், ஏரிகளையும் மலைகளையும் பார்த்துக்கொண்டே ஓபன் போய்விடலாம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே துறைமுகம். தீவில் இறங்கினால் டோபர்மோரிக்கும் ஃபியோன்ஃபோர்ட்டுக்கும் பஸ் இருக்கிறது. நம் டவுன் பஸ் போல நினைக்காதீர்கள். நாளைக்குச் சில தடவைதான். ஒன்றை விட்டால் அடுத்ததற்குப் பொழுது சாயும்.

காற்று பலமாக இருந்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். முந்தின நாள் மாலையே நிலவரம் பாருங்கள். தீவில் இருந்து திரும்பும் நாளுக்கும் ஊருக்கு விமானம் ஏறும் நாளுக்கும் நடுவில் குறைந்தது ஒரு முழு நாள் விடுங்கள்.

கப்பலில் ஏறியதும் கீழே காபிக் கடையில் உட்காராமல் மேல்தளத்துக்குப் போய் இடப்பக்கம் நில்லுங்கள். முதலில் வலப்பக்கம் லிஸ்மோர் கலங்கரை விளக்கம். அதன் பக்கத்தில் அலை அடிக்கும் சின்னப் பாறைக்குப் பெயர் 'சீமாட்டிப் பாறை'. 16-ஆம் நூற்றாண்டில் டூவர்ட் கோட்டைத் தலைவர் ஒருவர் தன் மனைவியை அந்தப் பாறையில் கொண்டுபோய் விட்டுவிட்டாராம், கடல் ஏறினால் மூழ்கிவிடும் என்று. மீனவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். இவர் துக்கம் சொல்ல மச்சான் வீட்டுக்குப் போனால், சாப்பாட்டு மேஜையில் அந்த அம்மாவே உட்கார்ந்திருந்தாராம். கதை கேட்டு முடிப்பதற்குள் இடப்பக்கம் பாறை முனையில் அந்த டூவர்ட் கோட்டையே வந்துவிடும்.

ரோடு: லைட் அடித்தால் அர்த்தம் வேறு

நம் இந்திய லைசென்ஸ் வைத்துக்கொண்டு, விருந்தினராகப் போனவர்கள் ஓராண்டு வரை அங்கே கார் ஓட்டலாம். இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும் என்பதால் பயம் இல்லை. பயப்படவேண்டியது ரோட்டின் அகலம். தீவின் பெரும்பாலான சாலைகள் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஓரத்தில் ஒதுங்குமிடம் வைத்திருப்பார்கள், வெள்ளைப் பலகை நட்டிருக்கும். எதிரே வண்டி வந்தால், உங்கள் இடப்பக்கம் ஒதுங்குமிடம் இருந்தால் அதில் நுழைந்து நில்லுங்கள். அது வலப்பக்கம் இருந்தால் குறுக்கே போய் நுழையக் கூடாது. அதற்கு நேராக நின்றுகொண்டால் எதிரே வருபவர் அதில் ஒதுங்கிப் போவார். மேடேறி வரும் வண்டிக்கு வழி விடுவது மரியாதை. பின்னால் உள்ளூர்க்காரர் வேகமாக வந்தாலும் ஒதுங்கி அவரை விட்டுவிடுங்கள். அவர் வேலைக்குப் போகிறார், நாம்தான் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

முக்கியமான ஒன்று. அஞ்செட்டி மலைப்பாதையில் எதிர் வண்டி லைட் அடித்தால் "நான் வர்றேன், நீ நில்லு" என்று அர்த்தம். அங்கே அதே லைட்டுக்கு "நான் நிற்கிறேன், நீங்க வாங்க" என்று அர்த்தம். முதல் நாள் நானும் எதிரே வந்த பெரியவரும் இரண்டு நிமிடம் மாறி மாறி லைட் அடித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர் கையால் கூப்பிட்டார். கடந்து போகும்போது கையைக் கொஞ்சம் தூக்கி நன்றி சொல்லவேண்டும், எல்லோரும் சொல்கிறார்கள். ஹாரன் அடிக்காதீர்கள், ஆடு படுத்திருந்தாலும்.

ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பது பெரிய குற்றமாகப் பார்க்கப்படும். பெட்ரோல் ஓபனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், தீவில் பங்க் குறைவு.

எத்தனை நாள், எங்கே தங்குவது

ஒகேனக்கல் போல காலையில் போய் மாலையில் திரும்புவது வேண்டாம். கிரெய்க்னியூரில் இருந்து மேற்கு முனை ஃபியோன்ஃபோர்ட்டுக்குச் சுமார் 60 கி.மீ., அதற்கே ஒன்றேகால் மணி நேரம். குறைந்தது நான்கு இரவு. அதில் ஒரு நாளுக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். படகுப் பயணம் மழையால் தள்ளிப்போனால் அந்த நாள் கை கொடுக்கும்.

தங்க டோபர்மோரி நல்லது. தீவின் பெரிய ஊர் என்றாலும் ராயக்கோட்டைக் கடைத்தெரு அளவுதான். 1788-இல் மீன்பிடித் துறையாகத் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். கடலோரமாக ஒரே வரிசையில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வீடுகள். கேலிக் மொழியில் பெயருக்கு 'மேரியின் கிணறு' என்று பொருள். கிணற்றை வைத்து ஊருக்குப் பெயர் நம்மூரில் இல்லாததா. 1588-இல் ஸ்பெயின் நாட்டுக் கப்பல் ஒன்று இந்த வளைகுடாவில் வெடித்து மூழ்கியது. தங்கம் இருக்கிறது என்று பல தலைமுறையாக முங்கிப் பார்க்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் தெருவில் கடற்காகமும் நீங்களும்தான். எனக்கு அது பிடித்திருந்தது. சந்தடி வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் தீவே சரிப்படாது.

சாப்பாட்டுக்கு: மீன் தின்பவர்களுக்குக் கவலையே இல்லை. சைவக்காரர்களுக்குச் சூப், சுட்ட உருளைக்கிழங்கு, சீஸ் போட்ட மக்ரோனி, ஹேகிஸ் என்ற ஸ்காட்லாந்துப் பண்டத்தின் காய்கறி வகை. சமையலறைகள் சீக்கிரம் மூடிவிடும், எட்டு மணிக்குப் போய் நிற்காதீர்கள்.

கோட்டைகள்

டூவர்ட் 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டை, மக்லீன் குலத்தாருடையது. பாழாகிக் கிடந்ததை, குலத்தின் 26-ஆம் தலைவர் ஃபிட்ஸ்ராய் மக்லீன் 1911-இல் மீட்டுக் கட்டத் தொடங்கினார். டிக்கெட் உண்டு, உள்ளே சுற்றலாம், மேல்மாடத்தில் இருந்து கடல் மூன்று பக்கமும் தெரியும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டைப் படியேறிப் பழகிய கால்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

என் மனதில் நின்றது மோய் கோட்டை. தெற்கே லாக்பூயி என்ற கடலோரத்தில், 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக் கோபுரம், கொடி படர்ந்து நிற்கிறது. உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட் இல்லை, கடை இல்லை, ஆளில்லை. ராயக்கோட்டை மேலே மாலையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது வரும் அதே அமைதி. பக்கத்து வயலில் பழங்காலக் கல்வட்டம் ஒன்று நிற்கிறது; மல்லச்சந்திரம் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு நின்று பார்க்கத் தோன்றும்.

குருலின் என்ற இடத்தில் ஒரு கல்லறை மண்டபம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கவர்னராக இருந்த லாக்லன் மக்வாரியுடையது. திப்புவுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணப் போர்களில் இருந்தவர் இவர். 1792-இல் திப்புவிடம் இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டதில்தான் நம் பாராமகாலும் போயிற்று. அவ்வளவு தூரம் போய் நம் ஊர் வரலாற்றின் ஒரு நுனி அங்கே புதைந்திருப்பதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவர் பிறந்தது பக்கத்துக் குட்டித் தீவில். அதன் பெயர் அல்வா. நிஜமாகவே அப்படித்தான். அல்வாவுக்குப் போகக் கரையில் ஒரு பலகை இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளே சிவப்பு நிறம் தெரியும். எதிர்க்கரையில் அதைப் பார்த்துப் படகுக்காரர் வருவார். காவிரிக் கரையில் நின்று பரிசல்காரரைக் கூவிக் கூப்பிடுவதைவிடத் தொண்டைக்கு நல்லது.

கழுகும் நீர்நாயும்: உட்காரத் தெரியவேண்டும்

வெள்ளைவால் கடற்கழுகு இறக்கையை விரித்தால் 2.4 மீட்டர் வரை இருக்கும். நம் ஏரிக்கரையில் வட்டமிடும் செம்பருந்துபோல் இரண்டு மடங்கு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் இந்த இனத்தையே சுட்டு ஒழித்துவிட்டார்கள். 1975-இல் இருந்து பத்து ஆண்டுகளில் நார்வேயில் இருந்து 82 குஞ்சுகளைக் கொண்டுவந்து பக்கத்து ரம் தீவில் விட்டார்கள். திரும்பி வந்த பிறகு முதல் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது 1985-இல், இந்த மல் தீவில்தான்.

எங்கே பார்ப்பது? லாக் நா கீல் என்ற கடல்கழி ஓரமாக ஒரு சாலை போகிறது. அகலமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். இறங்கி அலையவேண்டாம், கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயே உட்காருங்கள். கார் ஒரு மறைவிடம் மாதிரி. கடற்காகங்கள் திடீரென்று கூச்சலிட்டு எழும்பினால் மேலே பாருங்கள், பெரும்பாலும் கழுகு வந்திருக்கும். பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். வழிகாட்டியோடு கழுகு பார்க்கும் ஏற்பாடும் தீவில் உண்டு, முன்பதிவு செய்யவேண்டும். கூட்டின் பக்கம் போய்க் கழுகைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம்.

நீர்நாய் நம் காவிரியிலும் உண்டு. அங்கே கடலோரத்தில் பகலிலேயே தெரியும். கடல் வற்றியிருக்கும்போதும் திரும்ப ஏறத் தொடங்கும்போதும் பாசிப் பாறைகளுக்கு நடுவே தண்ணீரில் கோடு போட்டதுபோல ஒன்று நகரும். அது முங்கும்போது நாம் நகரவேண்டும், எழும்போது சிலையாக நிற்கவேண்டும். காற்று நம் பக்கம் இருந்து அதன் பக்கம் வீசினால் வாசனையிலேயே ஓடிவிடும். நாங்கள் மூன்று மாலை உட்கார்ந்தோம். மூன்றாம் மாலைதான் வந்தது, ஒரு நண்டோடு. அஞ்செட்டிக் காட்டில் யானைக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்தப் பொறுமை ஏற்கனவே இருக்கும்.

புல்வெளியில் நடந்தால் இரவில் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஊர் உண்ணியால் லைம் என்ற நோய் வரும். கம்பிவேலிக் கதவைத் திறந்தால் அப்படியே திரும்பச் சாத்துங்கள்.

படகில் ஒரு நாள்

ஸ்டாஃபா, ட்ரெஷ்னிஷ் தீவுகளுக்கு ஃபியோன்ஃபோர்ட், அல்வா படகுத்துறை, டோபர்மோரியில் இருந்து படகுகள் போகின்றன. செலவைப் பார்க்காமல் போகவேண்டியது இது ஒன்றுதான். ஸ்டாஃபாவில் எரிமலைக் குழம்பு ஆறி ஆறுமூலைத் தூண்களாக உறைந்து நிற்கிறது. உடுப்பிப் பக்கம் மால்பேயில் இருந்து போகும் தீவிலும் இப்படிக் கல்தூண்கள் உண்டு, ஆனால் இங்கே தூண்களுக்கு நடுவில் கடல் புகும் பெரிய குகையே இருக்கிறது. ட்ரெஷ்னிஷ் கூட்டத்தில் லுங்கா தீவில் பஃபின்கள். மேலே புல்தரையில் வளை தோண்டிக் கூடு கட்டும். அசையாமல் உட்கார்ந்தால் இரண்டு மூன்று அடி பக்கத்தில் வந்து நிற்கும். வளை மேல் மிதித்துவிடாதீர்கள். இறங்கும் இடம் பாசி பிடித்த உருண்டைக் கற்கள். முழங்கால் வலி இருப்பவர்கள் ஊன்றுகோல் எடுத்துப் போங்கள். கடல் ஒத்துவரவில்லை என்றால் இறக்கமாட்டார்கள், சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

அயோனா என்ற குட்டித் தீவுக்கு ஃபியோன்ஃபோர்ட்டில் இருந்து பத்து நிமிடக் கப்பல். வெளியூர்க் காருக்கு அனுமதி இல்லை, அக்கரையில் நடைதான். 563-இல் அயர்லாந்தில் இருந்து வந்த கொலம்பா என்ற துறவி மடம் அமைத்த இடம். மடாலயத்தைப் பார்த்துவிட்டு வடக்கு முனை வெள்ளை மணலுக்கு நடந்து போங்கள். கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாளில் காரோடு போகிறவர்கள் கப்பலுக்கு அரை மணி நேரத்துக்கும் முன்பே கிரெய்க்னியூர் வரிசையில் நிற்கவேண்டும். தாமதமானால் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். திரும்பும்போது டூவர்ட் கோட்டை வலப்பக்கம் வரும்.